முடிவுரையில் என்னதான் எழுதுவது?

கட்டுரையின் முடிவுரை பற்றி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குத் தமிழாசிரியர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: ஐயா, நான் பத்தாம் வகுப்பு மாணவி. மழைநீர் சேகரிப்பு பற்றிய கட்டுரையை, 'எனவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு மழைநீரைச் சேமிப்போம். நாட்டை வளமாக்குவோம்' என்று முடித்தேன். 'இன்னும் நன்றாக எழுதலாம்' என்று ஆசிரியர் குறித்திருக்கிறார். என்ன குறை?

பதில்: பிழை எதுவும் இல்லையம்மா. ஆனால் 'மழைநீரை' என்பதை அடித்துவிட்டு 'மரங்களை' என்று போட்டுப் பார். அப்படியே பொருந்தும். எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற முடிவுரை உன் கட்டுரைக்கு எதையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

நீ உள்ளே என்ன எழுதினாய் என்று திரும்பப் படி. இந்தத் தலைப்பில் பெரும்பாலும் இரண்டு செய்திகள் வரும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டையும் படிப்பவருக்கு, 'சட்டம் வந்து 16 ஆண்டு ஆன பிறகும் ஏன் இந்த நிலை?' என்ற கேள்வி தானாக எழும். முடிவுரை பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். இப்படி எழுதலாம்:

'2019இல் தண்ணீர் இல்லாமல் போனதற்கு மழை பொய்த்தது ஒரு காரணம். ஆனால் பெய்கிற மழையையும் நாம் முழுதாகப் பிடிப்பதில்லை. மொட்டைமாடியைப் பெருக்காமல், வடிகட்டும் தொட்டியில் உள்ள மணலையும் ஜல்லியையும் சுத்தம் செய்யாமல் விட்டால் குழாய் பெயருக்குத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே அந்தத் தொட்டியைத் திறந்து பார்க்கிற வீட்டில்தான் 2003இன் சட்டம் வேலை செய்கிறது.'

இதை மரம் வளர்ப்புக் கட்டுரையில் ஒட்ட முடியாது, பார்த்தாயா? ஒன்றை மட்டும் கவனி. பராமரிப்பைப் பற்றி உள்ளே ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். அங்கே பேசாத விஷயம் முடிவுரையில் திடீரென்று வந்தால் கட்டுரை பாதியில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: குறளோடு முடித்தால் மதிப்பெண் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பொருத்தமான குறள் நிச்சயம் வலு சேர்க்கும். பொருத்தம் பார்ப்பதில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். மேலே சொன்ன தலைப்பையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் 'நீரின்று அமையாது உலகு' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது நீரைப் பற்றிய அடி. மழையைச் சொல்வது அடுத்த அடி: 'வானின்று அமையாது ஒழுக்கு.' மழைநீர் கட்டுரைக்கு அதுதானே வேண்டும்? அப்புறம், குறளை எழுதியதோடு பேனாவை மூடிவிடாதே. அது உன் கட்டுரையோடு எங்கே சேர்கிறது என்று உன் சொந்த வாக்கியம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபத்து என்று, 'இரு தரப்பிலும் நியாயம் உண்டு' என்றே எப்போதும் முடிக்கிறேன். சரியா?

பதில்: சரியில்லை என்றே சொல்வேன். 3 மணி நேரத்தில் 2 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 125 மதிப்பெண். 1000 சொற்களுக்கு மேல் வாதாடிவிட்டுக் கடைசியில் கைவிரித்தால், திருத்துபவர் இவ்வளவு நேரம் எதற்குப் படித்தார்? நடுநிலை என்பது முடிவே சொல்லாமல் இருப்பது அல்ல. எந்தச் சூழலில் எது சரி என்று பிரித்துச் சொல்லுங்கள். இணையவழிக் கல்வி பற்றிய தலைப்பு என்றால், 'எழுதப் படிக்கப் பழகும் குழந்தைக்கு வகுப்பறையும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவருக்கு இணையம் பெரிய உதவி' என்று எழுதலாம். இதில் சாய்வும் இல்லை, மழுப்பலும் இல்லை. 100 முதல் 150 சொற்கள் போதும்.

கேள்வி: முடிவுரைக்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முன்னுரையைத் தொடங்கும் முன்பே, கட்டுரை எங்கே போய் முடியும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் பென்சிலால் குறித்து வையுங்கள். நேரம் நெருக்கினால் நடுவில் ஓர் உட்தலைப்பைச் சுருக்கலாம், தவறில்லை.

கேள்வி: 'முடிவாக', 'ஆகவே' என்றுதான் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 'முடிவுரை' என்று தலைப்புப் போட்டாகிவிட்டதே.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. வழிகாட்டி நூலில் இருக்கும் முடிவுரையை மனப்பாடம் செய்கிறான். எப்படி மாற்றுவது?

பதில்: நூலை மூடி வைக்கச் சொல்லுங்கள். கட்டுரையின் நடுப்பகுதியை அவன் எழுதி முடித்ததும், 'இதில் உனக்கு ரொம்பப் பிடித்தது எதுடா?' என்று கேளுங்கள். 'எங்கள் ஊர்ச் சந்தை' பற்றி எழுதியவன், 'கத்தரிக்காயை எடை போடாமல் கூறு கட்டி விற்கிறார்கள், கடைசிக் கூறு வாங்கினால் கொஞ்சம் கூடவே போடுகிறார்கள்' என்று சொல்லக்கூடும். சொன்னதை அப்படியே எழுத விடுங்கள். சந்திப் பிழையை அடுத்த நாள் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம்.