கலிபோர்னியாவில் மக்கள் ஓட்டில் ஜெயித்த 'ப்ராப்' சட்டங்கள் மாநிலச் சட்டப் புத்தகத்தில் எங்கே பதிவாகின்றன?

ஓட்டுச் சீட்டில் 'ப்ராப்' (ப்ராபொசிஷன், அதாவது மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முன்மொழிவு) என்ற பெயரில் வந்து ஜெயிக்கும் சட்டங்களைத் தனிப் புத்தகமாகப் போடுவார்களா, சட்டமன்றம் இயற்றியவற்றோடு சேர்த்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். ஒரு சட்ட அலுவலகத்தில் பழைய சட்ட வாசகங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிக்கலே அந்தச் சேர்க்கையில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் நடைமுறை. ப்ராப்களில் இரண்டு வகை உண்டு. மாநில அரசியலமைப்பையே திருத்துவது ஒன்று. இங்கே வீடு வாங்கிய நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த 1978ஆம் வருடத்து ப்ராப் 13 அந்த வகை. சொத்து வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு, வரிக்கான மதிப்பை வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதெல்லாம் அரசியலமைப்பின் 13ஏ ஆர்டிகிளில் இருக்கிறது. இன்னொன்று சாதாரணச் சட்டம். அது மாநிலத்தின் 29 சட்டத் தொகுப்புகளில் பொருத்தமானதற்குள் போகும். எந்தத் தொகுப்பு, எந்தப் பிரிவு எண் என்பதைப் பெரும்பாலும் ப்ராப்பை எழுதியவர்களே வாசகத்தில் குறிப்பிட்டுவிடுகிறார்கள். தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். புதிதாகச் சேர்ப்பது சாய்வெழுத்தில் இருக்கும், நீக்குவது குறுக்கே கோடு போட்டு இருக்கும். கவர்னர் கையெழுத்துக்கு இங்கே வேலை இல்லை, அவர் வீட்டோ போடவும் முடியாது. ப்ராப்பில் வேறு தேதி சொல்லாவிட்டால், மாநிலச் செயலர் வாக்கு முடிவைச் சான்றளித்த ஐந்தாம் நாள் அமலுக்கு வரும். முன்பு தேர்தலுக்கு மறுநாளே அமல் என்று இருந்தது. தபால் ஓட்டு எண்ணி முடிக்கவே வாரக்கணக்கில் ஆவதால் 2018 ஜூனில் அதை மாற்றினார்கள். அந்த மாற்றத்தையும் ஒரு ப்ராப் (71) மூலமாகத்தான் செய்தார்கள்!

சரி, புத்தகத்தில் ஏறியாகிவிட்டது. இனி அந்தப் பிரிவைப் பார்த்தால் மக்கள் போட்ட சட்டமா, சட்டமன்றம் போட்டதா என்று சட்டென்று தெரியாது. எல்லாம் ஒரே எழுத்து, ஒரே வரிசை. பிரிவின் அடியில் அடைப்புக்குறிக்குள் ஒரு பொடி வரி மட்டும் இருக்கும், இன்ன தேதியில் ப்ராப் இத்தனை வழியாகச் சேர்க்கப்பட்டது என்று. பலரும் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் மக்கள் நிறைவேற்றிய சட்டத்தில், திருத்தலாம் என்று அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, மறுபடி மக்களிடம் ஓட்டுக்குப் போகாமல் சட்டமன்றம் கைவைக்க முடியாது. அந்தப் பொடி வரிதான் அதற்கு அடையாளம்.

மருத்துவக் கஞ்சா விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். 1996இல் நோயாளிகளுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்புக் கொடுத்த ப்ராப் 215 சுகாதாரச் சட்டத்தில் 11362.5 என்ற பிரிவைச் சேர்த்தது. நோயாளி எவ்வளவு வைத்திருக்கலாம் என்று அதில் எண்ணிக்கை எதுவும் இல்லை, சட்டமன்றம் திருத்தலாம் என்ற அனுமதியும் இல்லை. 2003இல் சட்டமன்றம் சற்றுத் தள்ளி 11362.77 என்று ஒரு பிரிவைச் சேர்த்து, உலர்ந்த கஞ்சா எட்டு அவுன்ஸ், வளர்ந்த செடி ஆறு என்று அளவு வைத்தது. 2010இல் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் கொடுத்த பாதுகாப்பை அந்த அளவு சுருக்குகிற மட்டுக்கும் செல்லாது என்று சொல்லிவிட்டது. புத்தகத்தை மட்டும் வாசித்தவருக்கு இரண்டும் சமமான சட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

திருத்த அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவ்வளவு சுலபமில்லை. ஊபர், லிஃப்ட் ஓட்டுநர்கள் பற்றிய 2020ஆம் வருடத்து ப்ராப் 22இல் அது புத்தகத்திலேயே இருக்கிறது. சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஓட்டு வேண்டுமாம். அதற்குப் பேசாமல் முடியாது என்றே எழுதியிருக்கலாம். ஆனால் 2014ஆம் வருடத்து ப்ராப் 47இல் 950 டாலர் வரையிலான கடைத் திருட்டுப் பற்றிய பிரிவு தண்டனைச் சட்டத்தில் 459.5 ஆக ஏறியது. சட்டத்தின் நோக்கம், யார் எப்படித் திருத்தலாம் என்பவை தொகுப்புக்குள் வரவில்லை. அவற்றுக்குக் கையேட்டில் வந்த முழு வாசகத்தைத்தான் தேட வேண்டும். இன்னும் பழையது, கைரோபிராக்டர்களுக்கான (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்கள்) 1922ஆம் வருடத்துச் சட்டம். அது எந்தத் தொகுப்பிலும் சேரவே இல்லை. தொழில் சட்டத்தின் 1000ஆம் பிரிவு, அந்தச் சட்டம் மக்கள் நிறைவேற்றிய ஒன்றில் இருக்கிறது என்று கைகாட்டுவதோடு சரி.

செத்த சட்டங்களும் புத்தகத்தில் அப்படியே கிடக்கும். ஆண், பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்ற 2008ஆம் வருடத்து ப்ராப் 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குகள் முடிந்து 2013இல் ஒருபால் திருமணங்கள் மறுபடி தொடங்கிவிட்டன. ஆனால் வாசகம் அரசியலமைப்பின் முதல் ஆர்டிகிளிலேயே இருந்தது. அதை எடுக்க 2024 நவம்பரில் இன்னொரு ப்ராப் (3) வேண்டியிருந்தது. நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்றாலும் அந்த வரிகள் தானாக அழிந்துவிடாது.

தேடும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கூடவே வருடமும் வேண்டும். எண்கள் சுற்றிச் சுற்றி வரும். 2000, 2012, 2024 மூன்றிலும் ஒரு ப்ராப் 36 வந்து ஜெயித்தது, மூன்றுமே குற்றமும் தண்டனையும் பற்றியவை. வாஷிங்டன் மாநிலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே 2012இல் ஜெயித்த 502ஆம் முன்மொழிவு '2013 சட்டங்கள், அத்தியாயம் 3' என்று சட்டமன்றச் சட்டங்களின் வரிசையிலேயே எண் வாங்கிக்கொண்டது. கலிபோர்னியாவுக்கு, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். 1911இலிருந்து வந்த முன்மொழிவுகளும் வாக்காளர் கையேடுகளும் அங்கே கிடைக்கும். பிரிவின் அடியில் உள்ள பொடி வரியிலிருந்து வருடத்தையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு போனால் முழு வாசகம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.