வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைத் திரையும் பச்சைப்பயறும்

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்வி போதிக்கிறேன். காய்கறி, பழம், தானியம், பயறு ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் விளையாட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கென்று கைக்கணினி கிடையாது. ஒரு புரொஜெக்டரும் என் மடிக்கணினியும் திறன்பேசியும் மட்டுமே உள்ளன. இவற்றை வைத்து உருப்படியாக எதையும் கற்பிக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: முடியும். சொல்லப்போனால், உங்களிடம் இருப்பதே போதும். விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் பிள்ளை உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் படத்தை ஒரு கூடையிலும் மிட்டாய்ப் படத்தை இன்னொரு கூடையிலும் இழுத்துப் போட்டு நட்சத்திரம் வாங்குவதோடு பல விளையாட்டுகள் முடிந்துவிடுகின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த விடை ஏற்கெனவே தெரியும். தெரிந்த பிள்ளையே இடைவேளையில் மிட்டாயும் வாங்குகிறது. அதற்குத் தெரியாதது பீர்க்கங்காயின் மணமும் கொய்யாவின் துவர்ப்பும். அவற்றைத் திரை ஊட்டாது. ஆகவே, கண்ணுக்கு எட்டாத சிறியதையும், மெதுவாக நடப்பதால் நாம் கவனிக்காததையும், வாரக்கணக்கில் நினைவில் வைக்க முடியாததையும் காட்டும் வேலையைத் திரைக்குக் கொடுங்கள். தொடுவதும் முகர்வதும் கடிப்பதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

பச்சைப்பயற்றிலிருந்து தொடங்கலாம். நம் பினாங்குப் பிள்ளைகள் மீ கோரேங், சார் குவே தியாவ் ஆகிய நூடுல்ஸ் உணவுகளில் தவ்கே என்னும் பயற்றுமுளையைப் பார்த்து வளர்ந்தவர்கள். வீட்டில் பச்சைப்பயற்றுக் கஞ்சியும் குடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே விதையிலிருந்து வருகின்றன என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இரவு முழுவதும் ஊறிய பயற்றை ஈரத்துணியில் பரப்பி, எதிரே திறன்பேசியை அசையாமல் நிறுத்தி, மின்னூட்டியையும் செருகி டைம்லேப்ஸ் முறையில் ஓடவிட்டால், நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் தோல் வெடித்து வெண்முளை நீள்வதை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக் காட்டிவிடலாம். படத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்து எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று ஒவ்வொருவரையும் வரையச் சொல்லிவிட்டு மீதியைக் காட்டுங்கள். அப்போது அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அதன்பின் முளைப்பயற்றை நன்றாக வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவி, ஆளுக்கொரு கரண்டி கொடுங்கள். பச்சையாகக் கொடுக்க வேண்டாம். முளைகட்டுவதற்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் கிருமிகள் பெருகவும் ஏற்றவை.

கைக்கணினி இல்லாத வகுப்புக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் கருதுவது ‘பிளிக்கர்ஸ்’ என்னும் செயலி. இதில் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைக் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டை கிடைக்கும். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே அவருடைய விடை. நீங்கள் திறன்பேசியின் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால், எல்லாருடைய விடையும் மடிக்கணினி வழியாகத் திரையில் பட்டை வரைபடமாக நிற்கும். அருகில் இருப்பவரின் விடை என்ன என்பது அட்டையைப் பார்த்து எளிதில் தெரியாது என்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் தன் மனத்தில் பட்டதைச் சொல்லும். இதைச் சரி தவறு பார்க்கும் சோதனையாக்காமல், ‘இன்று கடித்த பாகற்காய்த் துண்டு எப்படி இருந்தது? துப்பினேன், விழுங்கினேன், பரவாயில்லை, இன்னொன்று வேண்டும்’ என்று கேளுங்கள்.

இதில் ஓர் ஆழமான காரணம் இருக்கிறது. புதிய உணவைச் சிறு பிள்ளைகள் முதலில் மறுப்பது இயல்பு. பத்து முறைக்கு மேலும் வற்புறுத்தாமல் சிறிதளவு கொடுத்துப் பார்த்த பிறகே பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பெரியவர்களாகிய நாம் இரண்டாம் முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். வாரம் ஒருமுறை அதே காயைக் கொடுத்து, அதே கேள்வியைக் கேட்டு, வரைபடங்களைச் சேமித்து வைத்தால், ‘துப்பினேன்’ என்ற பட்டை குறைகிறதா என்பதைப் பிள்ளைகளே கண்காணிப்பார்கள். குறையாத வாரமும் வரும். அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

முழு உணவு, அதாவது அதிகம் பதப்படுத்தாத உணவு, எது என்ற கேள்விக்கு வரையறை சொல்லிக் களைக்க வேண்டாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 முதல் முன்வைத்து வரும் நோவா முறை, எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து உணவை 4 பிரிவாக வகுக்கிறது. பிரிவுகளின் பெயர் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. மடல் உரிக்காத சோளக்கதிர், அவித்த சோளமணி, டின்னில் அடைத்த சோளம், பொட்டலத்துச் சோள நொறுக்கு ஆகிய நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, திறன்பேசியின் படத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலைப் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். கதிருக்குப் பட்டியலே இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: சுவைக்கும் பாடத்துக்கு முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்பி, எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. உணவைப் படம் பிடித்தால் கலோரி சொல்லும் செயலி ஒன்றை நண்பர் பரிந்துரைத்தார். அவளுக்கு அதைப் பழக்கலாமா?
– ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். வளரும் பிள்ளை தன் தட்டைப் பார்த்து எண்களைக் கண்டு அஞ்சத் தொடங்கினால், அந்த அச்சம் பதின்ம வயதில் பெரிய தொல்லையாக வளரக்கூடும். சாப்பாட்டு மேசையில் திறன்பேசியே வேண்டாம். படம் பார்த்துக்கொண்டு உண்ணும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

அதே திறன்பேசியைச் சந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஞாயிறு காலை சௌ கிட் சந்தையில் அவளுக்குப் பெயர் தெரியாத ஐந்து காய்கறிகளைப் படம் பிடிக்கச் சொல்லி, கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு அவள் குரலிலேயே பதிவுசெய்ய வைத்து, அவற்றில் ஒன்றை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அன்றே சமையுங்கள்.

எண்ணும் விருப்பம் அவளுக்கு இருந்தால், பெட்டிப் பானத்தின் சர்க்கரையை எண்ணட்டும். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று போட்டிருக்கும் 250 மில்லிலிட்டர் பெட்டியில் 25 கிராம், அதாவது ஏறக்குறைய 6 தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. அதை ஒரு வெறும் கண்ணாடிக் குவளையில் அவள் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள இனிப்புப் பானங்களுக்கு நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் வரி விதிக்கப்படுகிறது என்பதையும் அப்போது சொல்லலாம். அந்த 5 கிராம் கோட்டை வைத்துக் கடை அலமாரியில் அவளே ஒப்பிடுவாள்.

கேள்வி: பள்ளியில் பார்த்த காணொளிக்குப் பிறகு, நாசி லெமாக் கெட்ட உணவு என்று சொல்லிப் பேரன் பசியாற மறுக்கிறான். என்ன செய்வது?
– ஒரு பாட்டி, ஜார்ஜ்டவுன்

பதில்: எந்த உணவையும் கெட்டது என்று பிள்ளைகளிடம் முத்திரை குத்தும் காணொளியை நான் ஏற்பதில்லை. நம் சுகாதார அமைச்சின் ‘சூக்கு சூக்கு செபாரோ’ தட்டைப் பேரனுக்குக் காட்டுங்கள்: தட்டின் கால்பங்கு சோறு அல்லது தானியம், கால்பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பயறு, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும். நாசி லெமாக்கில் முட்டையும் நெத்திலியும் கடலையும் வெள்ளரியும் ஏற்கெனவே இருக்கின்றன. தேங்காய்ப்பால் சோறு கூடுதலாகவும் வெள்ளரி இரண்டே துண்டாகவும் இருப்பதே குறை. சோற்றைக் குறைத்து, வெள்ளரியைத் தாராளமாக நறுக்கி, கங்கோங் கீரையும் வதக்கி வைத்து, ஒரு துண்டு பப்பாளியும் சேர்த்து, தட்டை அவனையே அடுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் இப்படிப் பசியாறலாம்.