பெருந்துறைத் தம்பியின் கேள்விக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன். அக்டோபரில் வந்திருக்கிறீர்கள், ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மெக்கானிக்கல் முதுகலை. அப்பா தினமும் போன் போட்டு "வேலை ஏதாச்சும் அமைஞ்சுதா சாமி" என்கிறார். அம்மா ஜாதகத்தை வெளியே கொடுத்துவிட்டார். சனி, ஞாயிறு ஓட்டலில் தட்டுக் கழுவப் போவதை நீங்கள் வீட்டில் சொல்லவில்லை. அப்பா வெளியில் நாலு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருப்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை, தங்கைதான் சொன்னாள். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் அவளுக்கு "பக்கத்துல ஏதாச்சும் ஒரு டிகிரி போதும்" என்று பேச்சு ஆகிவிட்டது. வகுப்பு விட்டால் அறைக்குள்ளேயே கிடக்கிறேன், நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறீர்கள்.

நான் கோபிக்காரி, கோபிச்செட்டிப்பாளையம். 2011இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். மாணவியாக வரவில்லை. ஆனால் ஈரோடு, காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து படிக்க வரும் பிள்ளைகள் அறை கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் பெட்டியை இறக்கி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது தனிமையோ குளிரோ இல்லை. அப்பா உங்களிடம் கணக்கை மறைக்கிறார், நீங்கள் அப்பாவிடம் கணக்கை மறைக்கிறீர்கள். மற்ற தொந்தரவெல்லாம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கு. ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணத்தைப் பூட்டி வைக்கும் கணக்கில், 11,904 யூரோ போட்டிருப்பீர்கள், அதிலிருந்து மாதம் 992 வரும். ஊரில் அதைக் கேட்டவுடன் நூறால் பெருக்கிப் பார்த்து "மாசம் லட்ச ரூபாய் வருது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாடகை 430 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் 140, 150. மற்ற பல மாநிலங்களில் இல்லாத கட்டணம் இந்த மாநிலத்தில் உண்டு. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும், 2017லிருந்து இருக்கிறது. அதை மாதத்துக்குப் பிரித்தால் 250. சாப்பாட்டுக்கு எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 200. பயணச்சீட்டு, போன் சேர்த்து 60. கூட்டிப் பாருங்கள், 992 தாண்டிவிட்டது. சட்டைத்துணி, ஜெர்மன் வகுப்பு எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. அப்புறம் வீட்டில் ரேடியோ, டி.வி. இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். ஏமாற்று வேலை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், நிஜம்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஆக, நீங்கள் தட்டுக் கழுவப் போகாமல் இங்கே ஓட்டவே முடியாது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுக்கிற இடம் வேண்டாம், முதலாளி நம் ஆளாகவே இருந்தாலும் வேண்டாம். அவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார், விசா உங்களுடையது.

வீட்டில் சொன்னால் அம்மா அழுவார் என்கிறீர்கள். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் ஒருவன் இப்படித்தான் இருந்தான். வீடியோ கால் வரும்போதெல்லாம் வேலைக்குப் போடும் சட்டை தெரியாதபடி போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொள்வான். ஒருநாள் பேச்சுவாக்கில் தலையைக் கோதினான். அந்தப் பக்கமிருந்து அவன் அம்மா, எனக்கு அத்தை முறை, "கையெல்லாம் ஏன் கண்ணு இப்படி வெடிச்சுக் கெடக்குது? பாத்திரச் சோப்பா?" என்றார். விரல் கணுக்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாப்பது வருடம் சாம்பலும் சோப்பும் போட்டுப் பாத்திரம் துலக்கிய கை அவருடையது, அவரிடம் போய் எதை மறைப்பது. அழவெல்லாம் இல்லை. "தேங்காண்ணெயத் தடவிட்டுப் படு" என்றார், அவ்வளவுதான். (ரப்பர் கையுறையை ஓட்டலில் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும்.) ஒரம்பரைக்காரர்கள் "லட்சக்கணக்குல செலவு பண்ணி எச்சத் தட்டுக் கழுவப் போயிருக்கான்" என்று பேசுவார்கள்தான். அவர்களில் ஒருவர்கூட உங்கள் வட்டியைக் கட்டப்போவதில்லை.

இப்போது அப்பா பக்கத்துக் கணக்கு. உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலையாக இருந்தது இதுதான். வங்கியில் வாங்கிய ஏழரை லட்சத்தைப் பற்றி இப்போதைக்குப் பதற வேண்டாம். கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, அதுவரை தனிவட்டிதான் சேரும். ஆனால் அந்த நாலு லட்சம்? ரெண்டு வட்டி என்றால் மாதம் எட்டாயிரம், வருடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். இரண்டு வருடப் படிப்பு முடிவதற்குள் வாங்கியதில் கிட்டத்தட்டப் பாதி வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். மஞ்சளுக்கு விலை இருக்கிற வருடம் அப்பா தாக்குப்பிடிப்பார். விலை இறங்கிவிட்டால், தோட்டத்தில் ஒரு ஏக்கருக்கு எந்தப் பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கை சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் அப்பாவிடம் கேளுங்கள். "ஏனுங்ப்பா, பேங்கு போக வெளிய எவ்வளவு வாங்குனீங்க, எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்று நேராகவே கேட்கலாம். முதல் தடவை "அதெல்லாம் நீ எதுக்குக் கேக்கற, படிப்பப் பாரு" என்பார். விடாதீர்கள். உங்கள் வரவு செலவை முதலில் நீங்கள் ஒப்பித்துவிட்டுக் கேட்டால் அவராலும் மழுப்ப முடியாது. தெரிந்துகொண்டு செய்ய வேண்டியது ஒன்று. அம்மாவின் நகையில் கொஞ்சத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து, அந்தப் பணத்தில் வெளிக்கடனை அடைக்கச் சொல்லுங்கள். அங்கே வட்டி ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிடும், பாதிச் சுமை இறங்கும். அம்மாவுக்கு இது பிடிக்காது. அடுத்த முகூர்த்தத்துக்குக் கழுத்தில் என்ன போட்டுப் போவது என்பார். நம் ஊரில் நகை பெட்டியில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, கல்யாண வீட்டில் கழுத்தில் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதனால்தான் ரெண்டு வட்டிக்கு விடுகிறவர்கள் கார் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களால் முடிகிற மாதம் அந்த நகைக்கடன் வட்டியை மட்டும் அனுப்புங்கள், முப்பது நாற்பது யூரோ. பெரிய தொகை அனுப்பிப் பெருமை காட்ட வேண்டாம், அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

வேலை விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு தேதி கொடுத்துவிடுங்கள். தினமும் கேட்பது தேதி தெரியாததால்தான். படிப்பு முடிய இரண்டு வருடம், முடிந்தபின் வேலை தேட இந்த நாடு 18 மாதம் தருகிறது. ஆக மூன்றரை வருடத்துக்குள் எந்த நாளும் வேலை அமையலாம், அதற்கு முன்னால் கேட்பதில் பலன் இல்லை என்று சொல்லுங்கள். கார்த் தொழிலில் இப்போது ஆள் குறைக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். கார் உதிரிபாகம் செய்யும் இசட்.எஃப். நிறுவனம் மட்டும் ஜெர்மனியில் 2028க்குள் 14,000 வேலை வரை குறைப்போம் என்று 2024இல் அறிவித்தது. பெரிய கம்பெனிப் பெயர்களையே துரத்திக்கொண்டிருக்காமல் சின்ன ஊர்களில் இருக்கிற கம்பெனிகளைப் பாருங்கள். திருப்பூரில் நிட்டிங் வைத்திருக்கும் மாமாவிடம் குரோஸ்-பெக்கர்ட் ஊசி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதன் தலைமையகம் ஆல்ப்ஷ்டாட் என்ற மலையோர ஊரில் இருக்கிறது, கோபியைவிடக் கொஞ்சம் சிறியது. இந்த மாதிரி ஊர்களில் ஜெர்மன் பேசாதவனை உள்ளேயே விடமாட்டார்கள். ஜெர்மனில் B2 வரை, அதாவது வேலையிடத்தில் தடையில்லாமல் பேசும் நிலை வரை, படித்துவிடுங்கள், பாடத்தில் மார்க் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன். இரண்டாம் செமஸ்டரிலிருந்தே படித்துக்கொண்டு வேலை பார்க்கும் மாணவராக ஒரு கம்பெனிக்குள் நுழையப் பாருங்கள். செமஸ்டர் நடக்கும்போது வாரம் இருபது மணி நேரம் போகலாம். எனக்குத் தெரிந்து வேலை கிடைத்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த வழியில் போனவர்கள்தான்.

கல்யாணப் பேச்சை உடனே நிறுத்துங்கள். பொண்ணு கிடைக்காமல் நம் பக்கம் முப்பத்தைந்து வயதுப் பையன்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று அம்மா பயப்படுவதில் தப்பில்லை. பண்ணையம் பார்க்கும் பையனுக்குப் பொண்ணு தர ஆளில்லை என்பதால்தானே உங்களையே இங்கே அனுப்பினார்கள், பாதிக் காரணம் அதுதான். ஆனால் மாணவனாக இருக்கும்போது மனைவியைக் கூட்டி வருவது லேசில்லை. இரண்டு பேருக்கும் வருமானம் காட்ட வேண்டும், பொதுவாக அந்தப் பெண் ஜெர்மன் தேர்வும் எழுதி வர வேண்டும். படித்தவர்களுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டு கிடைத்துவிட்டால் மனைவிக்கு மொழித் தேர்வு கேட்பதில்லை. அதையே காரணமாகச் சொல்லித் தள்ளிப்போடலாம். அப்போதும் பெண் வீட்டில் சம்பளத்தைப் பெருக்கிச் சொல்ல விடாதீர்கள். வருடம் ஐம்பதாயிரம் யூரோ என்றால் கல்யாணமாகாதவன் கையில் வருவது மாதம் 2,700க்குள்தான். நானும் பொறியியல் படித்துவிட்டு வந்தவள்தான். மொழி பிடிபடும்வரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே என்ன நிலவரம் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஊரிலேயே மொழியைப் படித்துவிட்டு வந்திருப்பேன்.

இன்னொன்று. பொங்கலுக்கு இங்கே தமிழர்கள் கூடுவார்கள், போய் வாருங்கள். ஊர் எது, தோட்டமா, வளவா என்று விசாரிப்பார்கள், அதில் தப்பில்லை. அடுத்து "நீங்க என்ன கூட்டம்?" என்று மெதுவாக வரும், சாதிக்குள் எந்தக் குலம் என்று கேட்கிறார்கள். சாதிக்கென்றே தனியாக ஒரு வாட்ஸாப் குழுவும் இருக்கும், உங்களைச் சேர்த்துவிடுவார்கள். வெளியே வந்துவிடுங்கள், சங்கடமெல்லாம் பார்க்க வேண்டாம். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் சாதி தாண்டிக் கல்யாணம் செய்த ஒரு பையனை வெட்டினார்களே, அதைப் பற்றி இங்கே உட்கார்ந்து மீசையை முறுக்கிப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் நான் காப்பி குடிப்பதில்லை. நீங்கள் யாருடன் அறையைப் பங்கிடுகிறீர்கள், யாரை விரும்புகிறீர்கள் என்ற செய்தி அந்தக் குழு வழியாக உங்களுக்கு முன்னால் பெருந்துறைக்குப் போய்விடும்.

அறைக்குள்ளேயே கிடப்பதைப் பற்றி. டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது. புதிதாக வருகிற எல்லோரையும் இது அமுக்கும். மார்ச்சில் கொஞ்சம் விடியும். அதுவரை ஒரு வேளையாவது அறைத்தோழர்களோடு சேர்ந்து சமையுங்கள். அரிசிம்பருப்புச் சோறு ஒரே குக்கரில் வேலை முடிந்துவிடும், நம் ஊர் ஆள் இல்லாவிட்டாலும் தட்டை நீட்டுவார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதுக்கு இருக்கிறோம் என்கிற மாதிரி நினைப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கேண்டீன், விடுதி நடத்துகிற ஸ்டுடீரெண்டன்வெர்க் அமைப்பிலேயே மனநல ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை, வீட்டுக்கும் தெரியாது. நடுராத்திரி என்றால் 0800 1110111. இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், பேச்சு பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும்.

கடைசியாகத் தங்கை. அண்ணனுக்குச் செலவழித்தாகிவிட்டது, பெண் பிள்ளைக்கு இது போதும் என்பதை நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. முதல் பட்டதாரிச் சலுகையை நீங்கள் வாங்கியிருப்பீர்கள், அது இனி அவளுக்கு வராது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே ஏறும். சித்தோட்டில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பெருந்துறையிலிருந்து போய்வருகிற தூரம். கோவையில் ஜி.சி.டி. இருக்கிறது, அதுவும் அரசுப் பொறியியல் கல்லூரிதான். பணம் இல்லை என்ற பேச்சே இங்கே நிற்காது, அதை அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டியது நீங்கள். விண்ணப்பம் மே மாதம் வாக்கில் தொடங்கிவிடும். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை ஊருக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஏப்ரலில் நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, போக வேண்டாம், செமஸ்டர் தொடங்குகிற நேரம். ஆகஸ்டில் போனால் தங்கை கவுன்சிலிங்குக்குக் கூட இருக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் குடியிருப்பு அட்டை எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது, இப்போதே மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.