தர அங்கீகாரத் திட்டத்தைச் சங்க உறுப்பினர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

கேள்வி: பொறியியல் சார்ந்த எங்கள் தொழில்முறைச் சங்கம் முழுக்கத் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. பல்கலைக்கழகப் பட்டப் படிப்புகளை மதிப்பிட்டுத் தர அங்கீகாரம் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியிருக்கிறோம். சுற்றறிக்கை அனுப்பினோம், சுவரொட்டி ஒட்டினோம், ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் பேசினோம். ஆயினும் மதிப்பீட்டாளர் பயிற்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே பெயர் கொடுத்திருக்கிறார்கள். இத்திட்டத்தை எவ்வாறு பரப்புவது?
— கௌரவச் செயலாளர், இலங்கை

பதில்: பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதை விளம்பரத்தின் பலனாக நீங்கள் கருதுவதாகத் தெரிகிறது. என் அனுபவத்தில் ஆள் சேர்ப்பதுதான் விளம்பரமே. ஒரு பொறியாளர் இரண்டு நாள் ஒரு பல்கலைக்கழகத் துறையில் உட்கார்ந்து, விடைத்தாள்களைப் புரட்டி, ஆய்வகத்தைப் பார்த்து, மாணவர்களிடம் தனியாகப் பேசிவிட்டுத் தம் அலுவலகத்துக்குத் திரும்பினால், அடுத்த முறை ஆளெடுக்கும்போது விண்ணப்பதாரர் படித்த படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வி எழத் தொடங்கிய பிறகுதான் பல்கலைக்கழகங்கள் உங்கள் கதவைத் தட்டும்.

அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏபெட் (ABET) அமைப்பு இதற்கு நல்ல சான்று. 1932இல் வேறொரு பெயரில், பொறியாளர் சங்கங்களின் கூட்டமைப்பாகத் தொடங்கிய அது இன்றும் உறுப்பினர் சங்கங்கள் அனுப்பும் தன்னார்வ மதிப்பீட்டாளர்களைக் கொண்டே இயங்குகிறது. பயணச் செலவு கிடைக்கும்; ஊதியம் கிடையாது. இருந்தும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு தொழிற்சாலைகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் பணியாற்றுவோரும் முன்வருகிறார்கள். என்ன வேலை, எத்தனை நாள், யாருக்கு அறிக்கை தர வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. "திட்டத்துக்கு ஆதரவு தாருங்கள்" என்னும் சுற்றறிக்கையைப் படிப்பவருக்குத் தாம் என்ன செய்ய வேண்டும் என்பதே விளங்காது.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் உரை எதுவும் வைக்காதீர்கள். ஒத்துழைக்கும் துறை ஒன்றிடமிருந்து ஒரே ஒரு பாடத்தின் கோப்பைப் பெற்று வாருங்கள்: பாடத்தின் கற்றல் விளைவுகள் (படித்து முடித்த மாணவருக்கு என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல்), ஒரு வினாத்தாள், மாணவர் பெயர் மறைக்கப்பட்ட மூன்று விடைத்தாள்கள் (நல்ல மதிப்பெண் ஒன்று, நடுத்தரம் ஒன்று, தேர்ச்சி மதிப்பெண்ணை ஒட்டியது ஒன்று). கான்கிரீட் வடிவமைப்புப் பாடம் என்றால், உத்திரத்தின் நீளம், சுமை, கான்கிரீட்டின் வலிமை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கம்பியின் அளவை மட்டும் கேட்கும் வினா வடிவமைப்புத் திறனைச் சோதிக்கிறதா, சூத்திரத்தில் எண்களை இடும் திறனையா என்று உறுப்பினர்களிடம் கேளுங்கள். கடற்கரையோரக் கட்டடம் என்று மட்டும் சொல்லி, கம்பிக்கு மேலான கான்கிரீட் உறையின் தடிமனையும் கான்கிரீட்டின் தரத்தையும் மாணவரே முடிவு செய்யும்படி வினாவை எப்படி மாற்றலாம் என்றும் கேளுங்கள். களத்தில் பல ஆண்டு கழித்தவர்கள் இதில் வாய்மூடி இருக்கமாட்டார்கள். விவாதம் சூடாக இருக்கும்போதே பயிற்சிப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பினால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

"இதனால் எனக்கு என்ன பயன்?" என்ற கேள்வியும் வரும்; அது நியாயமான கேள்விதான். தொடர் தொழில்முறை வளர்ச்சிக்கான மணிநேரமாக மதிப்பீட்டுப் பணியைக் கணக்கில் சேருங்கள். மேலதிகாரிக்குக் காட்டத்தக்க நன்றிக் கடிதத்தைச் சங்கத் தலைவரின் கையொப்பத்துடன் அனுப்புங்கள். பயணச் செலவைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளரைச் சங்கம் இழப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தில்தான்.

விளம்பரத்தில் மிகைப்படுத்தல் கூடாது. 1989இல் ஆறு நாடுகளின் பொறியியல் அங்கீகார அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமும் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமும் 2014இல் முழு உறுப்பினராயின. அவ்வுடன்படிக்கை நாடுகளுக்கிடையே கல்வித் தகுதியின் இணைத்தன்மையை மட்டுமே ஏற்கிறது. தொழில் உரிமத்தை அது தருவதில்லை. இந்தியாவிலும் முதல் அடுக்கு நிறுவனங்களில் (பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் போன்றவற்றில்) வாரியம் அங்கீகரித்த படிப்புகளுக்கே அந்தப் பலன் உண்டு. எனவே "உலகெங்கும் செல்லுபடியாகும்" போன்ற வாசகங்களை உங்கள் துண்டறிக்கைகளிலிருந்து நீக்குங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று மட்டும் எழுதுங்கள். படிப்புக்குத் தரும் அங்கீகாரத்தை நிறுவனம் முழுவதற்குமானதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் கல்லூரி விளம்பரங்களில் உண்டு. அதற்கும் உங்கள் விதிகளில் தடை இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சிறிய சங்கங்களில் திட்டத்தைப் பற்றித் துறைத் தலைவர்களிடம் ஆர்வத்தோடு பேசுபவரே அவர்களுக்குத் தன்மதிப்பீட்டு அறிக்கை (துறை தன்னைத் தானே மதிப்பிட்டுத் தரும் அறிக்கை) எழுதவும் உதவி, பிறகு மதிப்பீட்டுக் குழுவிலும் அமர்ந்துவிடுவது எளிதில் நடக்கும். ஆள் பற்றாக்குறையால் நடப்பதுதான் என்றாலும், ஒரு துறைக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டு மேல்முறையீடு வரும் நாளில் உங்களால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பரப்புரைக்கு ஒரு குழு, மதிப்பீட்டுக்கு ஒரு குழு என இப்போதே பிரித்து, ஒரு துறைக்கு ஆலோசனை சொன்னவரும், அங்கு அண்மையில் படித்தவரும் பணியாற்றியவரும் அத்துறையை மதிப்பிடக் கூடாது என்பதைச் செயற்குழுத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அத்தீர்மானத்தின் நகலைப் பயிற்சிப் படிவத்தோடு இணைத்தே கொடுங்கள்.