பேஸ்பாலில் பெர்ஃபெக்ட் கேமுக்கு ஆறே அவுட் பாக்கி. கெர்ஷாவை ஏன் வெளியே எடுத்தார் மேனேஜர்?

நீங்கள் கேட்பது 2022 ஏப்ரல் 13, மினியாபொலிஸில் நடந்த ஆட்டம். டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் எதிரணியின் 21 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். அதில் 13 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்த்தியது. வீசியது 80 பந்துகள்தான். ஒன்பது இன்னிங்ஸிலும் ஒருவரைக்கூட பேஸ் தொடவிடாமல் 27 பேரையும் வீழ்த்துவதுதான் பெர்ஃபெக்ட் கேம். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் வரலாற்றில் அதுவரை 23 முறைதான் நடந்திருந்தது. அப்படியிருந்தும் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை நிறுத்தினார்.

காரணம் ஸ்கோர்போர்டில் இல்லை, இடது கையில் இருந்தது. 2021 அக்டோபரில் முன்கை வலியால் பிளேஆஃப் (சீசன் முடிவின் நாக்அவுட் சுற்றுகள்) முழுவதையும் இழந்தவர் கெர்ஷா. அணி உரிமையாளர்கள் வீரர்களுடனான ஒப்பந்தத் தகராறில் அறிவித்த லாக்அவுட்டால் 2022 வசந்தகாலப் பயிற்சியும் சுருங்கிப்போனது. அது அவருக்கு சீசனின் முதல் ஆட்டம், கடுங்குளிர் வேறு. களைத்த தசை தாங்க வேண்டிய சுமை முழங்கை தசைநாரில் இறங்கும். அது கிழிந்தால் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை, ஓராண்டுக்கு மேல் ஓய்வு.

ராபர்ட்ஸுக்கு இது புதிதல்ல. 2016 செப்டம்பரில் மயாமியில் தன் இன்னொரு பிட்சர் ரிச் ஹில்லையும் ஏழு பெர்ஃபெக்ட் இன்னிங்ஸுக்குப் பின் எடுத்தார். அப்போது பயம் விரல் கொப்புளம். என் மனசு அந்த வரலாற்றைப் பார்க்கத்தான் ஏங்கியது. ஆனாலும் ராபர்ட்ஸ் செய்தது சரி என்றே சொல்வேன். முடிவு சரிதான் என்று கெர்ஷாவே சொன்னார். கெர்ஷா வெளியேறிய பின் எட்டாவது இன்னிங்ஸில் மாற்று பிட்சர் ஒரு ஹிட் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) விட்டுக்கொடுத்தார். டாட்ஜர்ஸ் 7-0 என வென்றது.