கவசமா, ஊரணியா?

அன்புள்ள ஐயா,

பூமியைச் சுற்றி அதிவேக மின்துகள்கள் சிக்கிக் கிடக்கும் உள், வெளி என்ற இரண்டு வான் ஆலன் வளையங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பூமியின் காந்தப்புலம் நம்மைக் காக்கும் கவசம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். நீங்களோ அதே காந்தப்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவை செயற்கைக்கோள்களைப் பழுதாக்குகின்றன என்கிறீர்கள். காப்பது எப்படிக் கெடுக்கும்? போதாக்குறைக்கு, சூரியப் புயல் வந்தால் வளையம் பெருகவும் செய்யலாம், வற்றவும் செய்யலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புயல் ஒன்று, விளைவு இரண்டா? பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் சொல்லித்தந்தது தப்பில்லை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றை விலக்கிவிடுவது காந்தப்புலம்தான். ஆனால் தரையில் நிற்கும் நம்மை விண்கதிர்களிடமிருந்து காப்பதில் காற்றுமண்டலத்துக்கே பெரிய பங்கு. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடை 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். அதைத் துளைத்து வருவது லேசல்ல. கவசம் என்ற சொல்லில் எனக்குள்ள குறை வேறு. கவசம் அசையாது, நிறையாது, வற்றாது. பூமியைச் சுற்றி அந்தக் காந்தப்புலம் பரவியிருக்கும் வெளி இவை எல்லாமும் செய்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. அதுதான் ஊரணி.

ஐப்பசி மழையில் ஊரணி நிறையுமா என்று கேட்டால் பெரியவர்கள் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா, கலிங்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். வெளி வளையமும் அப்படித்தான். சூரியப் புயல் வரத்தையும் கூட்டுகிறது, போக்கையும் கூட்டுகிறது. புயல் காந்தப்புலத்தின் பகல் பக்கத்து எல்லையை உள்ளே அமுக்கும்போது, கரையே உள்ளே நகர்ந்தது போலாகி எலக்ட்ரான்கள் வெளியே வழிந்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், அங்கே உண்டாகும் அலைகள் எலக்ட்ரான்களைக் கலைத்துக் கீழே காற்றுமண்டலத்துக்குள் கொட்டிவிடுகின்றன. அது அடிக்கசிவு. வரவும் செலவும் போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் வளையம்.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சூரியப் புயல் தாக்கிப் பூமியின் காந்தப்புலம் குலுங்குவதைக் காந்தப் புயல் என்பார்கள். 1989 முதல் 2000 வரை வந்த 276 காந்தப் புயல்களை எடுத்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிப் புயல்களுக்குப் பிறகு எலக்ட்ரான்கள் கூடியிருந்தன. ஐந்தில் ஒரு பங்கில் குறைந்திருந்தன. மற்றவற்றில் பெரிய மாற்றமே இல்லை. 2003-ல் வந்த இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தமானது. புயலின் பலத்தை மட்டும் வைத்து வளையத்தைக் கணிக்க முடியாது என்று அது வெளிச்சமாகக் காட்டியது.

அடுத்த கேள்வி, வரத்து எங்கிருந்து? எங்கள் ஊர் ஊரணியில் சித்திரை மாதம் நீர் இறங்கியதும் அப்பத்தா நடுவில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார். வரத்துக்கால் காய்ந்து கிடக்கும், பள்ளத்தில் மட்டும் நீர் ஏறிக்கொண்டிருக்கும். எங்கே முதலில் ஏறுகிறது என்று பார்த்தாலே அது வாய்க்கால் நீரா, ஊற்று நீரா என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்தார்கள். எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து உள்ளே தள்ளப்பட்டு வேகம் பெறுகின்றனவா, வளையத்துக்குள்ளேயே வேகம் பெறுகின்றனவா என்று பல வருட விவாதம். ஒரே ஒரு விண்கலம் போனால், தான் நகர்ந்ததால் அளவு மாறியதா, நேரம் போனதால் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 2012 ஆகஸ்ட் 30-ல் நாசா இரட்டை விண்கலங்களை ஏறக்குறைய ஒரே பாதையில் அனுப்பியது. அந்த அக்டோபரில் வந்த ஒரு புயலில் எலக்ட்ரான்கள் பெருகியது ஓரத்தில் அல்ல, வளையத்தின் நடுவில். ஊற்று! கோரஸ் எனப்படும் அலைகளே அதற்குக் காரணம் என்று கண்டார்கள். அவற்றை ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைப் பறவைக் கூட்டம் போல் இருக்கும். பெயரும் அப்படி வந்ததுதான். வாய்க்கால் வழி வரத்தும் உண்டு. எந்தப் புயலில் எது மேலோங்கும் என்பதில்தான் இப்போதும் வேலை நடக்கிறது.

அந்த இரட்டையர் போனதுமே இன்னொன்றையும் கண்டார்கள். வளையங்கள் இரண்டு என்றே 1958 முதல் படித்துவந்தோம். ஏவிய சில நாளிலேயே மூன்றாவது ஒன்று தெரிந்தது. நான்கு வாரம் போல இருந்துவிட்டு, சூரியனிலிருந்து வந்த ஓர் அதிர்ச்சி அலையில் அழிந்தது. 2024 மே மாதப் பெரும் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது நினைவிருக்கும். அதன் பிறகும் புதிய தற்காலிக வளையங்கள் உண்டாகி மாதக்கணக்கில் நீடித்தன.

காப்பது எப்படிக் கெடுக்கும் என்றீர்கள். நம் டிவிச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், வெளி வளையத்துக்குள்ளேதான் சுற்றுகின்றன. அதிவேக எலக்ட்ரான்கள் உலோகத் தகட்டைத் துளைத்து உள்ளே ஒயர் உறையிலும் சர்க்யூட் பலகையிலும் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் பொறியாக வெடிக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு அடுத்தடுத்துத் தடுமாறியது இப்படித்தான். அதற்கு முன் பல நாட்களாக எலக்ட்ரான் அளவு ஏறிக் கிடந்தது. ஊரணியில் நீர் ஏறியது தெரியாமல் இறங்கினால் ஆபத்துதானே, டீச்சர்.

அப்புறம், இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. புயல் நேரத்தில் குறைந்த ஆற்றல் கொண்ட துகள்கள் பூமியைச் சுற்றி ஒரு மின்னோட்டமாக ஓடும். புரோட்டான்கள் மேற்கே, எலக்ட்ரான்கள் கிழக்கே. அது நம் ஊர்த் தரையிலும் காந்தப்புலத்தைச் சற்றுக் குறைக்கும். 2024 மே புயலில்கூட அது நூறில் ஒரு பங்குதான், பள்ளிக்கூடத்துக் காந்த ஊசி காட்டாது. நுட்பமான கருவிகள் காட்டும். 1859 பெரும்புயலைப் பம்பாய்க் கொலாபா ஆய்வகம் அப்படித்தான் பதிந்து வைத்தது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போக அனுமதி கேட்டு எழுதிப் பாருங்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு ஒரு வரி போடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.