மச்சானுக்கு வச்ச நகையும் பினாங்கு ட்ரம் செட்டும்

கேள்வி: அண்ணே வணக்கம். தேவகோட்டைல இருந்து எழுதுறேன், வயசு 41. காரைக்குடில வேலை, சம்பளம் 46,000, வீட்ல தையல்ல ஒரு 12,000 வருது, எல்லாம் போக மாசம் 15,000 மிஞ்சும். திருவிழா சீசன்ல மெல்லிசை ட்ரூப்புக்கு ட்ரம்ஸ் வாசிப்பேன், அதுல வருஷத்துக்கு ஒரு 40,000. பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்ல, அவங்க தாத்தா காலத்துல பினாங்குல இருந்து வந்த 1960கள் பிரீமியர் ட்ரம் செட் கிடக்கு. 1,40,000 கேக்குறாங்க, மூணு வருஷமா விக்கல. வாங்கி நானே சரி பண்ணி வாசிக்கணும்னு ரொம்ப ஆசை, ரிப்பேருக்கு ஒரு 30,000 ஆகும். 2021ல மச்சான் கடைக்காக வீட்டுக்காரம்மா நகையை பேங்க்ல வச்சோம், வருஷா வருஷம் மாத்தி வச்சு இப்ப கடன் 5,50,000. தங்கம் ஏறிட்டதால இன்னும் தரோம்ங்கறாங்க, அதுலயே ட்ரம்முக்கும் எடுத்துக்கலாமா? சித்திரையில சீட்டு முடிஞ்சு 1,80,000 வருது, அதை மச்சான் கேக்குறார். விண்டேஜ் ட்ரம் நல்ல முதலீடுன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றார், நகையை திருப்ப டிஜிட்டல் கோல்டுல மாசம் 2,000 போடவும் சொன்னார், போட்டுட்டு இருக்கேன். ராத்திரி தூக்கம் வரல.

பதில்: தம்பி, ட்ரம் வாங்குங்க. ஆனா நகை மேல ஒத்த ரூபா எடுத்து வாங்காதீங்க. உங்க தூக்கத்தை கெடுக்குறது அந்த ட்ரம் இல்ல, வருஷா வருஷம் பேங்க்ல போய் "மாத்தி வைக்கிறது"ன்னு ஒரு பழக்கம் பண்ணி வச்சிருக்கீங்களே, அதுதான்.

நீங்க அனுப்பின ரசீது விவரத்தை வச்சு தோராயமா கணக்கு போட்டேன், வட்டி சுமார் 10% தான், நியாயமான வட்டி. 2021ல மச்சானுக்கு 2,50,000. அடுத்த வருஷம் வட்டி 25,000ஐ கையில இருந்து கட்டாம கடன்லயே ஏத்தி, மச்சானுக்கு இன்னொரு 60,000 எடுத்தீங்க, 3,35,000 ஆச்சு. 2023ல வட்டி 33,500, பங்காளிங்களோட சேர்ந்து பூர்வீக வீட்டு ஓடு மாத்த 50,000. 2024ல வட்டி 42,000, மச்சானுக்கு 40,000, ஆக 5 லட்சம். 2025ல யாருக்கும் குடுக்கல, அப்பவும் வட்டி மட்டும் 50,000 ஏறி 5,50,000ல நிக்குது. வெளிய போன பணம் 4 லட்சம்தான், மிச்சம் ஒன்றரை லட்சம் சும்மா வட்டி. அந்த ட்ரம் செட்டுக்கு சொல்ற விலையைவிட அதிகமா வட்டியே ஏறியிருக்கு, ட்ரம் இன்னும் பள்ளத்தூர்லதான் இருக்கு. இப்ப அதே கடன்ல 1,40,000 சேர்த்து, இதே மாதிரி நாலு வருஷம் மாத்தி மாத்தி வச்சா ட்ரம்மோட விலை 2 லட்சத்தைத் தாண்டிரும்.

தங்கம் ஏறினதால பேங்க் இன்னும் தரேங்குதுன்னு எழுதியிருக்கீங்க. நகை அதே நகைதான், உங்க சம்பளமும் அதேதான், கடன் மட்டும் விலையோட சேர்ந்து ஏறுது, நாளைக்கு தங்கம் இறங்கினா கடன் அதோட சேர்ந்து இறங்காது. இன்னொன்னு, இந்த பழக்கம் இனிமே ஓடவும் ஓடாது. 2025 ஜூன்ல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, சொந்தத் தேவைக்கு வாங்கி கடைசில மொத்தமா கட்டுற நகைக்கடன் 12 மாசத்துக்கு மேல போகக்கூடாது, சேர்ந்த வட்டியை கட்டினாத்தான் புதுப்பிக்கவே விடணும். 2026 ஏப்ரல் 1க்குள்ள எல்லா பேங்கும் இதுக்கு மாறணும். அப்ப உங்களுக்கு அடுத்த தவணைக்கு 55,000 கையில ரொக்கமா வேணும். அது இல்லாதப்பதான் ஆளுங்க ஒரு நாள் கடன் குடுக்குறவர்கிட்ட போய் நிப்பாங்க, காலையில வாங்கி நகையை திருப்பி சாயங்காலம் மறுபடி வச்சு அவருக்கு கமிஷனோட குடுக்குறது. தயவு செஞ்சு அந்தப் பக்கம் போயிறாதீங்க.

டிஜிட்டல் கோல்டு விஷயம் எனக்கு நிஜமாவே கோபம் வருது, உங்க மேல இல்ல, சொன்னவர் மேல. வீட்டுக்காரம்மாவோட நிஜ நகை பேங்க் பெட்டகத்துல இருக்கு, அதுக்கு வருஷம் 10% கட்டுறீங்க. அதே நேரத்துல ஃபோன்ல 3% ஜிஎஸ்டி குடுத்து, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் விட்டு, வேற தங்கம் வாங்குறீங்க. பங்குச் சந்தையை கண்காணிக்கிற செபியே இது தன் கட்டுப்பாட்டுல இல்லைன்னு 2025 நவம்பர்ல எச்சரிச்சிருக்கு. இருக்கறதை வித்துட்டு, அந்த 2,000ஐ நகைக்கடன்ல கட்டுங்க, நம்ம சொந்தத் தங்கத்தை மீட்குறதைவிட நல்ல தங்க முதலீடு எதுவும் கிடையாது.

இப்ப மச்சான். 3,50,000 அவருக்கு போயிருக்கு, வட்டி உங்க தலைல. அவர் கெட்டவர்னு நான் சொல்லல, கடை நடத்துறவங்களுக்கு எப்பவும் பணம் தேவைப்படும், கேட்டா கிடைக்குற இடத்துலதான் கேப்பாங்க. சித்திரை சீட்டுப் பணத்தை குடுக்காதீங்க. நகை உங்க வீட்டுக்காரம்மாவோடது, அவங்க அம்மா வீட்டு சீர், மச்சானும் அவங்க தம்பிதான், அதனால முதல்ல அவங்ககிட்ட இந்த கணக்கை அப்படியே காமிங்க, வெளிய போனது 4 லட்சம், வட்டி மட்டும் ஒன்றரை லட்சம்னு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போய் பேசுங்க. நீங்க தனியா போனா மாப்பிள்ளை முறைப்பு ஆயிரும், அக்கா பேசினா அது குடும்பப் பேச்சு. கேக்க வேண்டியது ஒண்ணுதான்: புதுசா எதுவும் இல்ல, பழசுக்கு மாசம் 4,000, ஒரு பேப்பர்ல தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து.

சீட்டுப் பணம் 1,80,000 முழுசா நகைக்கடன்ல போடுங்க, 3,70,000 ஆயிரும். அப்புறம் மாசம் 15,000 கட்டுங்க, பகுதி கட்ட முடியுமான்னு முன்னாடியே மேனேஜர்கிட்ட எழுத்துல கேட்டுக்கங்க. சுமார் 28 மாசத்துல நகை வீட்டுக்கு வந்துரும். மச்சான் 4,000 குடுத்தா 22 மாசம் போதும், குடுக்கலைன்னாலும் உங்க திட்டம் நிக்காது, அதுதான் முக்கியம். சீட்டு முடிஞ்சதும் மிஞ்சுற மாசத் தவணையை அவசரத்துக்கு சேவிங்ஸ்ல விடுங்க. கடைசி தவணை கட்டி ஏழு வேலை நாள்ல நகை கைக்கு வரணும், பேங்க் தாமதம் பண்ணா ஒரு நாளைக்கு 5,000 அவங்க குடுக்கணும், இதுவும் அந்த ரிசர்வ் வங்கி விதிலயே இருக்கு.

ட்ரம்முக்கு கச்சேரிக் காசு இருக்கே, வருஷம் 40,000. அது வீட்டு பட்ஜெட்ல இல்லாத பணம், உங்க கை வலிச்சு சம்பாதிச்சது, அதை ட்ரம்முக்கு போடறதுல யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. முதலீடுன்னு மட்டும் நினைக்காதீங்க. பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963ல லுட்விக்ங்கற அமெரிக்க கம்பெனி ட்ரம் வாங்குறதுக்கு முன்னாடி வாசிச்சது பிரீமியர்தான், நல்ல கம்பெனி, 1922ல லண்டன்ல ஆரம்பிச்சது, ஆனா பழசு வாங்குறவங்க லுட்விக்குக்கு குடுக்குற விலையை பிரீமியருக்கு பொதுவா குடுக்குறதில்ல, தேவகோட்டைல உக்காந்துக்கிட்டு அதை யாருக்கு விப்பீங்க? வாசிக்க வாங்குறதா இருந்தா அந்த விலை உங்களுக்கு நியாயமா இருக்கணும், அவ்வளவுதான். 1,00,000 சொல்லிப் பாருங்க. மூணு வருஷமா விக்காத சாமான், ரிப்பேருக்கே 30,000 ஆகும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைங்களுக்கு போனா அலங்காரப் பொருளாத்தான் நிக்கும், வாசிக்கிற ஆள் வாங்குறாருன்னா அந்த வீட்டுக்காரங்களுக்கும் ஒரு மனசு வரும். இந்த சீசன் 40,000, அடுத்தது 40,000, மூணாவதுல 20,000, வட்டி இல்லாம. மூணாவது சீசன்ல மிஞ்சுற 20,000ல ரிப்பேரை ஆரம்பிங்க, மேல இருக்கற பழைய ஃபினிஷை உரிக்காதீங்க, மதிப்பே அதுலதான் இருக்கு. ஈஎம்ஐ ஆப் எதுலயும் போகாதீங்க.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் நிதானமா பாருங்க. 1960கள் பிற்பாதிக்கு முந்தின பல பிரீமியர் டாம்களோட (செட்ல இருக்கற நடுத்தர ட்ரம்கள்) அளவு இன்னைக்கு கடைல கிடைக்குற ஹெட்டோட (மேல மாட்டுற தோல்) ஒத்துப் போகாது, அதுக்குன்னு தனி அளவு ஹெட்டை வெளிநாட்டுல இருந்துதான் வரவழைக்கணும், வரியும் கூரியரும் சேரும். அதனால உங்க ட்ரூப்புல இருந்து ஒரு 12 இஞ்ச் ஹெட்டை கையோட எடுத்துட்டு போய் மாட்டிப் பாருங்க. ஷெல்லை, அதாவது ட்ரம்மோட மர உடம்பை, கிரானைட் மேடையில கவுத்தி உள்ள டார்ச் அடிச்சா விளிம்பு எங்க தேஞ்சிருக்குன்னு வெளிச்சம் கசியும், ஆத்தங்குடி டைல்ஸ் தரைல வச்சு பாக்காதீங்க, அது அவ்வளவு சமமா இருக்காது. ஒட்டுப் பலகை பிரிஞ்சிருக்கா, கரையான் ஏறியிருக்கான்னு உள்பக்கம் தட்டிப் பாருங்க. ஹெட் உக்காரலைன்னா அங்கயே சொல்லி விலையில இன்னொரு 15,000 குறைக்கச் சொல்லுங்க, கரையான் இருந்தா வாங்காம வந்துருங்க.